பனியில் நின்ற புரூயிட்

பீட்சாக்காரனைப் பார்த்ததும் மார்லிஸ் கதவைத் திறந்துவிட்டாள். அன்றே எங்கள் மானம் கப்பலேறிவிட்டது. அவன் பீட்சாக்காரனே இல்லை, எங்களைச் சோதிக்க அனுப்பப்பட்ட ஆள். கேட்காமலே பீட்சா வருகிறதே, அனுப்பியது யார் என்று ஒரு வார்த்தை விசாரித்தாளா? உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்து, தட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவன் பாதியைத் தின்று முடித்திருந்தான்.

"அழகா இருந்தான்டி," என்றாள்.

"திருடன்னா அசிங்கமாத்தான் இருப்பான்னு உனக்கு யாரு சொன்னா?"

எனக்கு டவுன் சிண்ட்ரோம். மார்லிஸுக்கு இருப்பதன் பெயர் ரொம்ப நீளம், சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே சிரித்துவிடுவாள். பல வருடமாக இருவரும் ஒரே பராமரிப்பு இல்லத்தில் இருந்தோம். அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் என் அறைக் கதவை ஒருவரும் தட்டியதில்லை. மாத்திரை, துவைத்த துணி என்று திறந்துகொண்டு வந்துவிடுவார்கள். தூங்குகிறவளை எழுப்பி, "தூங்கிட்டியா?" என்று கேட்பார்கள்.

இப்போது எங்களுக்கு ஹார்டுவேர் கடைக்கு மேலே ஒரு மாடி வீடு. எங்கள் உதவியாளர் ராஸ் பகலில் வந்து போவாள், இரவில் நாங்கள் இருவர் மட்டும். இதெல்லாம் வெள்ளோட்டம்தான். வெள்ளிக்கிழமை, எங்களைப் போன்றவர்களுக்கு வீடு ஒதுக்கும் கவுன்ட்டி அலுவலகத்திலிருந்து பெர்னடெட் வந்து பார்த்துச் சரி என்றால் வீடு எங்களுக்கு. இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு இல்லத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

"கவுன்ட்டியிலேர்ந்து இன்னொரு தடவை ஆள் அனுப்புவாங்க," என்று ராஸ் எச்சரித்திருந்தாள். "எப்போன்னு எனக்கே தெரியாது. தெரியாத ஆளுக்குக் கதவைத் திறந்தீங்க, அவ்வளவுதான். என்னாலயும் காப்பாத்த முடியாது."

வெள்ளிக்கிழமை காலையில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. பெர்னடெட்டுக்காக மார்லிஸ் உருளைக்கிழங்கும் கறியும் அடுக்கி அடுப்பில் வேகவைக்கிற ஹாட் டிஷ் செய்து வைத்திருந்தாள். மணி அடித்தது. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தால், கீழே வாசலில் நெட்டையாக ஓர் ஆள். தலையில் குல்லாய்கூட இல்லை.

"யாரு?" என்று கத்தினேன்.

"வெண்டல் புரூயிட். கவுன்ட்டி ஆபீஸ்லேர்ந்து வரேன். பெர்னடெட்டுக்குக் காய்ச்சல்."

ஜன்னலைப் படாரென்று சாத்திவிட்டு மார்லிஸைப் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"வந்துட்டான்டி!"

"பீட்சாகூடக் கொண்டுவரலை, கஞ்சன்," என்றாள் மார்லிஸ்.

மறுபடி ஜன்னலைத் திறந்தேன். "பெர்னடெட்டுக்குக் காய்ச்சல்னு எங்களுக்கு யாரும் சொல்லலியே, சார்?"

"சொல்லியிருக்கணும், தப்புதான். இதோ பாருங்க, அடையாள அட்டை."

"அதை யார் வேணா அடிச்சுக்கலாம்."

"நீங்கதானே கார்லிஸ்?"

"மணிக்குப் பக்கத்துலயே என் பேரு எழுதியிருக்கு. படிக்கத் தெரிஞ்ச எவனும் சொல்லுவான்!"

எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

"அப்போ உங்க கார்ல போய் உட்காருங்க," என்றேன்.

"அது பனியில மாட்டிக்கிச்சும்மா. நடந்துதான் வந்தேன்."

"கேட்டியா? கதை மேல கதை விடறான்," என்று மார்லிஸ் என் தோளில் விழுந்து சிரித்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, விசாரிக்கவும் செய்தேன். ராஸை அழைத்தேன், எடுக்கவில்லை. பனியில் வண்டி ஓட்டும்போது அவள் எடுக்கமாட்டாள். கவுன்ட்டி அலுவலகத்தை அழைத்தால் ஓர் இயந்திரம் அந்த எண்ணை அமுக்கு, இந்த எண்ணை அமுக்கு என்று என்னைச் சுற்றில் விட்டது. கீழே அந்த ஆள் காலை மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்.

"பாவம்டி," என்றாள் மார்லிஸ். "குளிர்ல செத்துட்டார்னா நாம பாஸா, பெயிலா?"

நியாயமான கேள்வி. கதவைத் திறக்கக்கூடாது என்றுதான் ராஸ் சொன்னாள், ஜன்னலிலிருந்து எதையும் இறக்கக்கூடாது என்று சொல்லவில்லை. சூடான கோகோவை பிளாஸ்கில் ஊற்றி, இரண்டு மப்ளரை முடிச்சுப் போட்டு இறக்கினோம். பிறகு மார்லிஸின் இளஞ்சிவப்புக் குஞ்சம் வைத்த குல்லாயைப் போட்டோம். அவர் மறுபேச்சில்லாமல் தலையில் மாட்டிக்கொண்டார். கடைசியாக ஒரு டப்பாவில் ஹாட் டிஷ் போயிற்று.

"உப்பு கம்மியோ?" என்று மேலிருந்து கேட்டாள் மார்லிஸ்.

"இல்லம்மா, அருமையா இருக்கு."

"ஐஸ் வச்சாலும் திறக்கமாட்டோம்!"

அப்போது ராஸின் கார் வழுக்கிக்கொண்டே வந்து நின்றது. இறங்கியவள் அவரைப் பார்த்ததும் வெளுத்துப்போனாள்.

"மிஸ்டர் புரூயிட்! ஐயோ, எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"கோகோவுக்கு ரொம்ப முன்னாடிலேர்ந்து," என்றார் அவர்.

ஆள் நிஜம்! மார்லிஸின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "பெட்டியை எடுக்கவா, கார்லிஸ்?" என்று மெல்லக் கேட்டாள்.

நான் மாடிப்படியில் விழுந்தடித்து இறங்கினேன். தாழ்ப்பாளில் கை வைப்பதற்குள் ராஸ் தன்னிடமிருந்த சாவியைப் போட்டுத் திறந்து, அவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். "மன்னிச்சுக்கோங்க சார், இதுங்களுக்குத் தெரியாது, வாங்க வாங்க," என்று ஒரே உபசாரம்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"ராஸ், நான் இன்னும் திறக்கலை."

"என்னது?"

"நீ திறந்துட்டே. நான் திறக்கலை. ரெண்டு பேரும் வெளிய போய்த் தட்டுங்க."

"இவர் யாருன்னு தெரியுமாடி உனக்கு? இந்த வீடே இவர் கையிலதான்..."

"தெரியும். வெளிய போங்க."

குல்லாயைச் சரிசெய்துகொண்டு புரூயிட்தான் முதலில் வெளியேறினார். ராஸ் தலையில் அடித்துக்கொண்டு பின்னால் போனாள். நான் கதவைச் சாத்தினேன்.

மார்லிஸ் படியில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. வீடு கொடுக்க வந்தவரையே கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிட்டே," என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு விக்கலே எடுத்துவிட்டது. எனக்கும் தொற்றிக்கொண்டது. சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

வெளியே தணிந்த குரலில் பேச்சு. அப்புறம் ராஸ் மூக்கை உறிஞ்சும் சத்தம். கதவுக்கு அடியில் ஏதோ சரசரவென்று உள்ளே வந்து என் கால்விரலில் முட்டியது. ராஸிடம் இருந்த சாவி. கவுன்ட்டி சொல்லாமல் அவள் அதைக் கொடுக்க முடியாது, புரூயிட்தான் கொடுக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு கதவைத் தட்டினார்கள், மெதுவாக.

"யாரு?"

"வெண்டல் புரூயிட். கூட ராஸ் இருக்காங்க. உள்ள வரலாமா?"

மார்லிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் நிக்கட்டும்டி," என்றாள் காதோடு.

கொஞ்ச நேரம் நிற்கவைத்தேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. பிறகு, "பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க," என்று சொல்லி, நானே திறந்தேன்.