சத்தமாகப் படித்தவள்

அன்று லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தவர்கள்: கொழுந்து பறித்து மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டிய ஈரப் படங்குத் துணியைக்கூட அவிழ்க்காத அம்மா நாகலெட்சுமி. ஒரே நாற்காலியில் அம்மாவின் தம்பி சிவசாமி மாமா, தோட்டத்துச் சங்கத் தலைவர். கட்டிலில் தங்கை நிஷாந்தி. வாசல்படியில் நான், கஜேந்திரன். பாயில் கிடந்த போனுக்குள், ஸ்பீக்கரில், ஹட்டனிலிருந்து ஜெகதீஸ்வரி டீச்சர்.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் படிப்பித்து அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். கூட்டங்களில் பழகிய மாமாதான் அவரைப் பிடித்துக் கொடுத்தார்.

“ஏ.எல். சோதினையைப் பிரைவேட்டா எடுக்கலாம்,” என்றது போன். “தமிழ், அரசியல், தர்க்கவியல். ஓ.எல்.ல இங்கிலீசுக்கு ‘எஸ்’, வெறும் பாஸ் தானே? அது காணாது. திரும்ப எழுதி ஒரு ‘சி’ தரமாவது எடுக்க வேணும். பிறகுதான் சட்டக் கல்லூரிச் சோதினை. என்ர வீட்டில நாலு பிள்ளையள் நிண்டு படிக்கினம். இவவும் வந்து நிக்கட்டும்.”

நிஷாந்தி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கும் இப்படிக் குனிந்து உட்கார மாட்டாள்.

“ஒண்டு கேக்க வேணும். பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில படிச்சவ? ஏதும் நோய் வருத்தம் இருக்கோ?”

“அய்யோ, ஒண்ணுமில்லீங்க டீச்சர்,” என்றாள் அம்மா. “பள்ளிக்கூடம் தூரமுங்க. அதான்.”

பள்ளிக்கூடத்து மணி எங்கள் வீட்டுக்குள் கேட்கும்.

ஏழாம் வகுப்பில் காலைக்கூட்டத்தில் நிஷாந்தி விழுந்தாள். வாயில் நுரை, கைகால் வெட்டி இழுப்பு. அடுத்த கிழமை மறுபடியும் விழுந்தாள். பிள்ளைகள் பயப்படுகிறார்கள், குணமானதும் கூட்டி வாருங்கள் என்று அதிபர் சொன்னார். லயத்தில் முனி அடித்துவிட்டது என்றார்கள். அம்மா ஆடு வெட்டினாள். நுவரெலியா ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். ஆட்டை நம்பவில்லையோ மாத்திரையை நம்பவில்லையோ, அதிபர் திரும்பக் கூப்பிடவில்லை. நாங்களும் போய் நிற்கவில்லை.

பகலில் அவளோடு ஒருவர் இருக்க வேண்டும். அம்மா காலையில் பெரட்டில் பேர் கொடுத்து மலைக்குப் போயாக வேண்டும். நான் ஏ.எல்.லைப் பாதியில் விட்டுவிட்டுத் தோட்டத்து ஸ்டோரில், தேயிலை ஆலையில், கொழுந்து அரைக்கப் போனவன். நைட் ஷிப்ட் கேட்டு வாங்கினேன். விடிந்ததும் வீட்டுக்கு வந்து படுப்பேன். ஆனால் தூங்கினால் யார் பார்ப்பது? அதற்கு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். நான் பாயில் படுத்திருக்க, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும். சத்தம் இருக்கிற வரைக்கும் நான் தூங்கலாம். சத்தம் நின்றால் எழும்ப வேண்டும்.

அதுதான் எங்கள் பள்ளிக்கூடம். அவளுக்கு நான் பெரிதாக ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. சரித்திரம், விஞ்ஞானம், பழைய பேப்பர், மாமா கொண்டு வரும் சங்கத்துத் துண்டுப் பிரசுரம் என்று கிடைத்ததையெல்லாம் அவள் வாசித்தாள். என் தூக்கத்துக்குள் மன்னர்கள் ஆண்டார்கள், அமிலங்கள் கலந்தன. சில நாள் மூச்சு வாங்க நிறுத்துவாள், நான் துள்ளி எழும்புவேன். “சாகல, தண்ணி குடிச்சேன்,” என்பாள். கணக்கைச் சத்தமாக எப்படிப் படிப்பது என்று தெரியாமல் அடித்ததையும் அழித்ததையும் சேர்த்துச் சொல்வாள். கணக்கில் அவள் தேறியதே பெரிது.

ஓ.எல். பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைக் கொடுத்ததும் இவள் பழக்கத்தில் முதல் கேள்வியை உரக்கப் படித்துவிட்டாள். மண்டபமே திரும்பிப் பார்த்ததாம். மேற்பார்வைக்கு நின்ற சிங்கள மிஸ், “கட்ட வஹன்ன,” என்று அதட்டினாராம். வாயை மூடு என்று அர்த்தம். மிச்சப் பரீட்சை முழுவதும் கைலேஞ்சித் துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதினாள். வெளியே வந்தபோது உதட்டோரம் சிவந்திருந்தது. விழுந்துவிட்டாளோ என்று நான் ஓடினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சட்டம் ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான் சொல்வாள். “அங்க எந்திரிச்சு நின்னு பேசலாம்.”

போன் வைக்கப்பட்டதும் நான் சொன்னேன். “டீச்சர்கிட்ட உண்மையச் சொல்லணும்மா.”

“சொன்னா எவடா எடம் குடுப்பா?” என்று அம்மா படங்கை உதறினாள். “போன மாசிக்கு அப்புறம் வரவேயில்ல. மாத்திரை போடுறா. போதாதா?”

“அங்க வந்தா?”

“வாயக் கழுவுடா.”

சிவசாமி மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். “வக்கீல் வேலைக்குப் பொய்யி முக்கியம். இந்தா, குடும்பத்தோட பயிற்சி எடுத்தாச்சு.”

நிஷாந்தி கட்டிலை விட்டு இறங்கினாள். “எனக்குத்தானே வருது? சொல்றதா வேணாமான்னு என்னைய ஒருத்தரும் கேக்கலியே?”

“சரி, கேக்குறோம். சொல்லு,” என்றார் மாமா.

“யோசிச்சுச் சொல்றேன்.”

அந்தக் கிழமை முழுக்க ஸ்டோரில் ரோலர் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நானும் யோசித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதற்காகச் சொல்ல நினைக்கிறேன் என்பதில்தான் சந்தேகம். சொன்னால் டீச்சர் வேண்டாம் என்பார். அவள் வீட்டிலேயே இருப்பாள். பழையபடி தலைமாட்டில் உட்காருவாள். அவள் பாதுகாப்புக்காகத்தான் என்று நான் எல்லோரிடமும் சொல்லலாம், அது பொய்யும் அல்ல. எனக்குக் கூட்டாளிகள் கிடையாது. பகலில் தூங்குகிறவனுக்கு யார் கூட்டாளி? லயத்தில் எல்லோரும் மலைக்குப் போன பிறகு, அந்த வரிசையில் உயிரோடு இருந்தது நாங்கள் இரண்டு பேரும் கோழிகளும்தான். அவள் போய்விட்டால் நான் எதைக் கேட்டுக்கொண்டு தூங்குவேன் என்று ஒரு தடவை நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது. கொழுந்தை அள்ளிப் போட்டேன்.

போகிற நாள் வரைக்கும் நிஷாந்தி தன் முடிவைச் சொல்லவில்லை. அன்று எங்கள் கந்தப்பளையிலிருந்து பஸ் மாறி மாறிப் போனோம். நுவரெலியாவில் அவளுக்குச் சோளம் வாங்கிக் கொடுத்தேன். தலவாக்கலை தாண்டும் வரைக்கும் கடைப் பலகைகளை வாசித்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். முன்சீட்டுக்காரி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

“அவுங்களுக்கு என்னவாம்?” என்றாள் நிஷாந்தி.

“பைத்தியம்னு நெனைக்கிறாங்க.”

“யாரை? பக்கத்துல ஒருத்தன் வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குனானே, அவனையா?”

டீச்சரின் வீடு ஹட்டன் டவுனுக்கு மேலே ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. பச்சைக் கதவு, மேலே ஓட்டுக் கூரை, முன்னால் சின்ன விறாந்தை. டீச்சர் நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, வீட்டு முறையைச் சொன்னார். வகுப்புக்கு எல்லோரும் சேர்ந்து போக வேண்டும். போன் இரவில் டீச்சரிடம் இருக்கும். பொழுதுபட்டால் கதவு பூட்டப்படும்.

“அண்ணா குறை நினைக்கக் கூடாது. பொம்பிளைப் பிள்ளையள் நிக்கிற வீடு. ஆம்பிளையள் ஆரும் உள்ளுக்கு வாறேல்லை. பையை இஞ்ச வையுங்கோ.”

தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். நான் பையை வைக்கவில்லை. மாத்திரை பையின் எந்தப் பக்கத்துச் சின்ன உறையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

“டீச்சர் வரட்டும், நான் சொல்லிர்றேன்,” என்றேன்.

“நீங்க போங்கண்ணே. நான் சொல்லிக்கிறேன்.”

“எப்ப?”

“நீங்க போனப்புறம்.”

“நான் இருக்கும்போதே சொன்னா என்ன?”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “நீங்க நின்னா டீச்சர் என்கிட்டப் பேச மாட்டாங்க, உங்ககிட்டத்தான் பேசுவாங்க. ‘கூட்டிக்கொண்டு போங்கோ’ன்னு ஒரு வார்த்தை வந்தாப் போதும், பையத் தூக்கிருவீங்க. இப்பவே கையில வச்சிருக்கீங்க பாருங்க.”

பையின் வார் உள்ளங்கையில் அழுந்திக் கோடு விழுந்திருந்தது.

“நீங்க இல்லன்னா அவுங்க என்கிட்டத்தான் பேசணும். நானும் பேசுவேன்.”

“சொல்லாம விட்டுட மாட்டியே?”

“அத நீங்க நம்பணும்.”

நான் நம்பினேனா என்று இன்றைக்குவரை எனக்குத் தெரியாது. வாரைக் கழற்றினேன். அவள் பையை வாங்கித் தோளில் போட்டாள். பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தாள். உள்ளேயிருந்து டீச்சர், “வாங்கோ பிள்ளை, குளிர் அடிக்குது,” என்றார்.

“விழுந்து கிழுந்து தொலைக்காத,” என்றேன்.

“நீங்க பஸ்ல தூங்கிட்டு எறங்காம விட்டுறாதீங்க.”

திரும்பிப் பார்க்காமல் போனாள். பொழுதுபட்டு, கீழே டவுன் பக்கமிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. நான் படியில் இறங்காமல், அவள் குரல் கேட்குமா என்று விறாந்தைத் தூணைப் பிடித்தபடி நின்றேன். உள்ளே செருப்பைக் கழற்றிச் சுவரோரம் தள்ளுகிற ஓசை. ஏதோ கேட்டு ஒரு பெண் பிள்ளை சிரித்தாள், அது நிஷாந்தி அல்ல. பச்சைக் கதவு மெல்லச் சாத்தப்பட்டது. முதலில் மேல் தாழ்ப்பாள் ஏறியது. பிறகு கீழ்த் தாழ்ப்பாள். கடைசியாகச் சாவி, ஒரு தடவை முழுதாகச் சுற்றியது.