கெண்டைக்காலைப் பிடித்தவன்

என் தம்பி கோர்பின் நன்றாக விழுவான். தலைக்கவசம் மாட்டி மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பாலில் அவனுக்கு இருந்த பெயர் அவ்வளவுதான்.

நெப்ராஸ்காவில் எங்கள் ஊர்க் கல்லூரி அணியில் தடுப்பு வரிசையில் ஆடினான். எதிரணிகள் ஒரு மோதல் முடிந்த கையோடு அடுத்ததைத் தொடங்கிவிடும். எங்கள் பையன்கள் இடுப்பில் கைவைத்து இரைப்பார்கள். யாராவது அடிபட்டு விழுந்தால் நடுவர் கடிகாரத்தை நிறுத்துவார், மற்றவர்களுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். ஆனால் விழுந்தவன் அடுத்த மோதலுக்கு வெளியே உட்கார வேண்டும். அதனால், இல்லாவிட்டாலும் குறையாத ஒருவனைத்தான் அடிபட்டதுபோல் விழச் சொல்வார்கள். கோச் ப்ரென்னமன் தோளில் கிடக்கும் துண்டை வலப்பக்கம் மாற்றினால் கோர்பின் விழ வேண்டும்.

"கெண்டைக்கால மட்டும் புடி. தலைய புடிச்சுத் தொலைக்காத. பரிசோதனை அது இதுன்னு ஆட்டத்த விட்டே தூக்கிருவாங்க," என்று, அடிபட்டவர்களைக் கவனிக்கும் ட்ரெயினர் ரட் பழக்கியிருந்தார்.

"வெக்கமா இல்லையாடா உனக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெக்கப்பட்டா என்னைய யாருக்கா உள்ள விடுவான்? விழறதுக்காவது கூப்பிடுறாங்கல்ல," என்று வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தான்.

அந்த அக்டோபர் சனிக்கிழமை, முதல் பாதியிலேயே இரண்டு முறை விழுந்துவிட்டான். எதிரணி ரசிகர்கள் விடவில்லை, அவன் சட்டை எண்ணைச் சொல்லிக் கத்தினார்கள்.

"டேய் நாப்பத்தொண்ணு! மெத்த கொண்டாரவா?"

"எங்க வீட்டு மாடு கன்னு போடறப்பகூட இவ்ளோ மொனகலடா!"

எங்கள் பக்கத்தவர்களும் சிரித்தார்கள்.

பிறகு, பந்தோடு ஓடிவந்த ஒருவனின் தலைக்கவசம் கோர்பினின் தலைக்கவசத்தில் நேராக மோதியது. அவன் எழுந்தான். எதிரணிக்காரர்களோடு போய் நிற்கப் பார்த்தான். அப்படியே மடங்கி விழுந்தான். விழுந்ததும் அவன் கை தானாகப் போய்க் கெண்டைக்காலைப் பிடித்தது. அத்தனை பழக்கம்.

நான் கோச்சைப் பார்த்தேன். துண்டு மாறவே இல்லை. வேலியருகே ஓடினேன்.

"கோச், நீங்க சைகையே காட்டலயே! அவன் நெசமாவே விழுந்திருக்கான்!"

"கத்தாதம்மா, நடுவர் காதுல விழுந்தா நமக்குத்தான் தண்டனை. சொல்லாமலே புரிஞ்சுக்கிட்டான் பாரு, தேறிட்டான் பையன்!"

மைதானத்தில் ரட் மண்டியிட்டு அவன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை, நேரத்தை இழுப்பதுதானே அவர் வேலை. கோர்பினை நடத்தி வெளியே கொண்டுவந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என்னைப் பார்த்தான்.

"மழ விட்டுருச்சாக்கா?"

நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"பாருங்க, ரட்! நடிப்புல நம்மளயே மிஞ்சிட்டான்," என்றார் கோச்.

வேலி ஏறி அவன் கையைப் பிடித்தேன். காவலர் ஒருவர் என்னை இழுத்துப் போனார். ஒரு மோதல் முடிந்தது. அவனை மறுபடி உள்ளே அனுப்பினார்கள். போகாதே என்று கத்தினேன். கேட்டிருக்காது.

அடுத்த மோதலில் விழுந்தவன் காலைப் பிடிக்கவில்லை. எதையும் பிடிக்கவில்லை. ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள் வரும்வரை எதிரணி ரசிகர்களின் ஊளைச் சத்தம் ஓயவில்லை. மறுநாள் அவன் போய்விட்டான்.

தேவாலயத்தில் கோச் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். "கடைசிவரைக்கும் அணியப் பத்தியே நெனச்ச பையன்." கல்லூரிக்காரர்கள் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அடிபட்டவன் காலைப் பிடித்திருப்பது தெளிவாகத் தெரிகிறது, தலையில் அடி என்று யாரும் ஊகித்திருக்க முடியாது என்று முடித்துவிட்டார்கள். வேலியில் நின்று ஒருத்தி கத்தியது படத்தில் இல்லை.

அடுத்த வருடம் ஒரு ஆட்டத்துக்குப் போனேன். கடைசிக் கட்டத்தில் எங்கள் பையன்கள் இரைத்துக்கொண்டிருந்தார்கள். கோச்சின் துண்டு வலத்தோளுக்கு மாறியது. ஒருவன் விழுந்தான்.

யாரும் ஊளையிடவில்லை. இரண்டு அணிகளும் ஒற்றைக்காலில் மண்டியிட்டன. எதிரணி ரசிகர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். "ஐயோ, போன வருசம் அந்தப் பையனுக்கு ஆன மாதிரி ஆயிடக்கூடாது, ஆண்டவரே," என்றாள் என் முன்னால் இருந்த பெண். நடுவர் யாரையும் அவசரப்படுத்தவில்லை. மண்டியிட்டபடியே எங்கள் பையன்கள் தண்ணீர் குடித்தார்கள், மூச்சு வாங்கினார்கள், கோச் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். கோர்பின் விழுந்து ஒருநாளும் அவர்களுக்கு இவ்வளவு நேரம் கிடைத்ததில்லை.

விழுந்தவன் எழுந்து ஓடினான். அரங்கமே எழுந்து கைதட்டியது. முதலில் தட்டியவர் கோச்.