கத்தரீனாளின் மன்றாட்டு

வண்டிப்பெரியார் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் சிலுவைராஜ் ஆறு நாளும் ஃபாக்டரி ஃபிட்டர். ஞாயிறன்று சிற்றாலயத்து உபதேசியார். விசுவாசிகள் சீட்டில் எழுதிக் கொடுக்கும் மன்றாட்டுகளை மைக்கில் வாசிப்பது அவர் வேலை. ஒருமுறை ஒருவருடைய மூலவியாதியை முழு விவரத்தோடு வாசித்துவிட, அந்த மனிதர் இரண்டு மாதம் பூசைக்கே வரவில்லை. அதிலிருந்து சீட்டுகளை முன்னமே வாங்கிப் படித்துவிட்டுத்தான் மைக் பக்கம் போவார்.

அந்த ஞாயிறு, விசுவாசப் பிரமாணம் முடிகிற நேரத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருக்கும் கத்தரீனாள் எழுந்து வந்து, நாலாக மடித்த சீட்டு ஒன்றை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள். மறுக்க நேரமில்லை. மைக்கின் முன் நின்றுதான் பிரித்தார்.

“எங்கள் லயத்தில்...” என்று தொடங்கியவர், மீதியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ‘இருபது நாளாகக் காணாத என் கறுப்புக் கோழியைப் பிடித்துக் குழம்பு வைத்த பக்கத்து வீட்டு சிஞ்சு மனம் திரும்ப வேண்டுமென்று’ எழுதியிருந்தது.

சிஞ்சு மூன்றாம் வரிசையில் இருந்தாள். கல்யாணமாகி வந்து நாலு மாதம்கூட ஆகாத பெண். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பக்தியாக அவரையே பார்த்தாள். சாமியார் தொண்டையைச் செருமினார். அவருக்கு இன்னும் இரண்டு பூசை பாக்கி.

“எங்கள் லயத்தில், பிறர் பொருளை எடுத்து வைத்திருப்பவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்கும் மனதைப் பெற வேண்டுமென்று ஆண்டவரை மன்றாடுவோம்.”

பதில் வழக்கமான சத்தத்தில் வரவில்லை. பாதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூசை முடிந்ததும் கத்தரீனாள் வந்து நின்றாள். “நான் எழுதினது என்ன, நீங்க வாசிச்சது என்ன அண்ணாச்சி?”

“ஆண்டவருக்குப் பேரு தெரியும் தாயி. ஊருக்கு எதுக்கு? நீ கண்ணால கண்டியா?”

“குழம்பு மணந்துச்சே.”

“மணத்துல கோழி கறுப்பா வெள்ளையான்னு தெரியுமாக்கும்.”

அன்று மத்தியானம் லயத்தில் நடமாட்டம் கூடியது. ஒரு ஏணி, இரண்டு குக்கர், ஒரு இஸ்திரிப்பெட்டி, மூன்று குடைகள் வீடு திரும்பின. கத்தரீனாளின் கணவன் ஜோஸ், எப்போதோ இரவல் வாங்கிய இட்லிக் கொப்பரையைத் துண்டால் மூடிச் சிஞ்சு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தான். அதற்கப்புறம் கத்தரீனாள் வாசலுக்கே வரவில்லை. சிலுவைராஜும் திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் ஃபாக்டரிக்குப் போய், வீட்டில் கிடந்த ஸ்பேனரை அதன் ஆணியில் மாட்டினார்.

புதன்கிழமை கறுப்புக் கோழி, பின்னால் ஒன்பது குஞ்சுகளோடு, தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து நடந்து வந்தது. இத்தனை நாளும் அங்கே அடைகாத்திருக்கிறது.

சாப்பாட்டு வேளையில் கத்தரீனாள் ஃபாக்டரி வாசலுக்கு வந்தாள். “அண்ணாச்சி, அந்தச் சீட்டக் குடுத்துருங்க.”

“அது அன்னைக்கே அடுப்புல போயிருச்சு.”

“வாசிச்சிருந்தா அந்தப் பிள்ள மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

“வாசிக்கலல்ல. போயி குஞ்சுகளப் பாரு, பருந்து சுத்துது.”

சாயங்காலம் வழியில் சிஞ்சு அவரை நிறுத்தினாள். அவள் கூடையில் இரண்டு குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. “கத்தரீனாளக்கா சும்மாவே குடுத்துட்டுப் போறாங்க அண்ணாச்சி. ஏன்னு கேட்டா அழுறாங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“கோழி வளக்கிறதப் பத்தி எனக்கென்ன தெரியும்” என்று சொல்லிவிட்டு சிலுவைராஜ் நடையை எட்டிப் போட்டார்.