பணம் கேட்கப் படித்துவிட்டு வந்தவள்

1

இந்தக் கதை ஒரு முலாம்பழத்திலிருந்து பிறந்தது. மரப்பெட்டி, பட்டுத்தாள், ரிப்பன் சகிதம் அது எங்கள் படகுச் சங்கத்துக்குப் பரிசாக வந்து இறங்கியபோது, காம்பில் ஒரு நீலநூல் இருந்தது. போன மாதம் வேறொருவருக்கு அனுப்பிய பழத்தில் நானே கட்டிவிட்ட நூல்.

[ஒரு மாதத்தில் பழம் அழுகிப்போகாதா என்று கேட்பவர்களுக்கு: எங்கள் ஊர்ப் பழங்கள் மரியாதை தெரிந்தவை. அடுத்தவர் வீட்டில் அழுகமாட்டா.]

ஜப்பானில் உள்ள எங்கள் சின்னத் தீவில் டாக்டர் கிடையாது. வாரம் மூன்று தடவை சங்கத்துப் படகு இவாஷிதா தோகுஜியை எதிர்க்கரைக்கு ஏற்றிப்போகிறது. அங்கே டயாலிசிஸ் செய்து திருப்பி அனுப்புகிறார்கள். படகு ஓடுவது நன்கொடையில். படகு நின்றால் தோகுஜி எதிர்க்கரைக்குக் குடிபோக வேண்டியதுதான். மகன் அங்கே ஆறாம் மாடியில் ஓர் அறைகூடப் பார்த்துவைத்துவிட்டான். ஜன்னலில் கடல் தெரியுமாம்.

"ஜன்னல்ல கடல் பாக்கறதுக்கு நான் என்ன சுற்றுலாவா வந்திருக்கேன்?" என்றார் தோகுஜி. அவர் மீன்பிடித்தவர்.

2

தொடக்கங்கள்.

"அன்று கடல் அமைதியாக" — விட்டுவிட்டேன். முதல் வரியில் எல்லாக் கடலும் அமைதியாகத்தான் இருக்கிறது.

"நன்கொடை திரட்டுதல் என்பது சமூகத்தின்" — தூக்கம் வந்துவிட்டது. எழுதிய எனக்கே.

சுகினோ மகியே டீ குடிக்கப் போனாள். — இது இருக்கட்டும்.

மகியே முன்பு படகுத்துறையில் டிக்கெட் கொடுத்தவள். ஐம்பது தாண்டியதும் சங்கத்துக்கு நன்கொடை திரட்டும் வேலையை அவள் தலையில் கட்டினோம். எதிர்க்கரையில் சோயா சாஸ் தொழிற்சாலை வைத்திருக்கும் கமேயாமாவிடம் அவள் பணம் கேட்ட அழகு இது:

"இந்த வருஷம் காத்து கொஞ்சம் ஜாஸ்தி, இல்லீங்களா?"

"ஆமாம்மா, ஜாஸ்திதான்."

"கடல்ல போறவங்களுக்குக் கஷ்டம்."

"கஷ்டந்தான்."

பிறகு குனிந்து வணங்கிவிட்டு வந்துவிடுவாள். கேட்டாயிற்று என்பது அவள் நினைப்பு. தன் வீட்டு டீ இந்தம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்பது கமேயாமாவின் நினைப்பு.

3

கேட்காமலே கொடுத்தவர்களும் இருந்தார்கள். அங்கேதான் முலாம்பழம் வருகிறது. எங்கள் வழக்கப்படி யாராவது ஏதாவது கொடுத்தால், அதில் பாதி மதிப்புக்குப் பதில் மொய் செய்யவேண்டும். நன்கொடை வந்ததும் நாங்கள் பழம் அனுப்புவோம். நோயாளிகளின் படகுக்காரர்களிடம் பழம் வாங்கித் தின்பதா என்று கூசிப்போய், கொடுத்தவர் துண்டு அனுப்புவார். துண்டுக்கு நாங்கள் சோப்பு. சோப்புக்கு அவர் அரிசி அப்பளம். இப்படியே போய், தபால்காரர் புது மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார். படகில் டீசலைவிடத் துண்டு அதிகம் இருந்தது.

4

இந்த இடத்தில் ஒரு தடங்கல். மேலே எழுதியதை மகியே படித்துவிட்டாள்.

"ஹமாசாகி-சான், என்னை ஏன் இப்படி வாயில்லாப் பூச்சியா எழுதியிருக்கீங்க?"

"அப்படித்தானே இருந்தே?"

"இருந்தேன். டிக்கெட் கிழிக்கவே எனக்கு ரெண்டு வாரம் சொல்லிக்குடுத்தாங்க. பணம் கேக்கறதுக்கு மட்டும் ஒரு கும்பிடு போதும்னு அனுப்பினது யாரு? அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். பாத்திரங்களைப் படிக்கவிடுவது நல்லதல்ல.

5

ஒசாகாவில் நன்கொடை கேட்பதற்கென்றே பயிற்சி நடக்கிறது, தான் போகவேண்டும் என்று மகியே சங்கக் கூட்டத்தில் சொன்னாள். அதற்குக் கட்டணம் கட்டினால் குளிர்காலத்து டீசலுக்குப் பணம் இடிக்கும்.

தோகுஜி பொங்கிவிட்டார். "பணம் கேக்கறதுக்குப் பள்ளிக்கூடமா? அடுத்தது கொட்டாவி விடறதுக்குக் காலேஜ் தொறப்பானுங்க!"

"தொறந்தா நீங்கதான் வாத்தியார்" என்றாள் மகியே.

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கையில் ஓர் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். அவர் உடம்புக்கு அது ஆகாது, உரித்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். சுளை சுளையாக எனக்குக் கொடுத்து முடித்தபின் சொன்னார்:

"சரி, போகட்டும். என் கையில ஊசி குத்தறவளும் படிச்சிட்டு வந்தவதான். படிக்காதவ குத்த வந்தா நான் கையை நீட்டுவேனா?"

[இந்த வசனம் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஆசை. இல்லை.]

6

மகியே திரும்பி வந்ததும் முதல் வேலையாக முலாம்பழத்தை நிறுத்தினாள். பழத்துக்குப் பதில், கொடுத்தவர்களுக்கு ஒரே ஒரு படம் போகும்: படகிலிருந்து இறங்கித் தன் வீட்டுப் பக்கம் நடக்கும் தோகுஜியின் முதுகு. கீழே, "உங்களால் வீடு திரும்பினார்." இதற்குப் பதில் மொய் எதுவும் வரவில்லை. சிலர் மறுபடி பணமே அனுப்பினார்கள். தபால்காரர் என்னோடு பேசுவதில்லை.

இரண்டாவதாக, கேட்கும் விதம். இன்னதற்கு, இவ்வளவு என்று நேராகச் சொல்லவேண்டுமாம். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டுமாம்.

"அவ்வளவுதானா? இதுக்கா அத்தனை கட்டணம்?" என்றேன்.

"மூடிப் பாருங்க, தெரியும். நமக்குக் கூச்சம் தாங்காது. 'முடியலைன்னா பரவாயில்லைங்க'ன்னு நாமே சொல்லிடுவோம். கேக்காம வர்றதும் அப்படித்தான். அவருக்குப் பதிலா நாமே 'இல்லை'ன்னு சொல்லிட்டு வர்றது. அது என்ன மரியாதை?"

என்னிடமே ஏதாவது கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு ஒத்திகை பார்த்தாள். முதல் நாள் என் குடை போயிற்று. அடுத்த நாள் இரண்டு நாற்காலி. ஒரு வாரத்தில் நான் நின்றுகொண்டே எழுதத் தொடங்கியிருந்தேன்.

7

கமேயாமா வீட்டுக்குத் தோகுஜியையும் கூட்டிக்கொண்டு மகியே போனாள். நானும் போனேன், கதைக்காக. டீ வந்தது.

"இந்த வருஷமும் காத்து ஜாஸ்திதான், இல்லையாம்மா?" என்று கமேயாமாவே ஆரம்பித்துக்கொடுத்தார்.

"கமேயாமா-சான், இன்னிக்கு நான் பணம் கேக்க வந்திருக்கேன்."

கோப்பை பாதிவழியில் நின்றது. "அப்போ இத்தனை வருஷமா?"

"அதுவும் பணத்துக்குத்தான். கேக்கத் தெரியல."

"அடடா. டீக்குன்னுல்ல நெனச்சேன்!"

"டீயும் நல்லாத்தான் இருக்கு. இவர் இவாஷிதா-சான். படகு ஓடினா இவர் தன் வீட்டுல இருப்பார். குளிர்காலம் முடியற வரைக்கும் டீசல் செலவு முழுசையும் நீங்க ஏத்துக்கணும். ஏத்துக்குவீங்களா?"

வாயை மூடிக்கொண்டாள்.

தோகுஜி "முடியலைன்னா" என்று ஆரம்பித்தார். மகியே அவர் காலை மிதித்தாள். அந்த மௌனத்தில் பின்கட்டுத் தொழிற்சாலையில் ஒரு தொட்டி சோயா புளித்து முடிந்ததை நான் என் மூக்கால் அறிந்தேன்.

8

முடிவுகள்.

(அ) கமேயாமா ஒத்துக்கொள்கிறார். மகியே இதை அடித்துவிட்டாள். "அவர் குடுத்தாத்தான் என் படிப்பு உருப்படியா? 'இல்லை'ன்னாலும் அதை அவரே சொல்வாரு பாருங்க, அதுதான் புதுசு."

(ஆ) கமேயாமா மறுக்கிறார். இதைத் தோகுஜி அடித்துவிட்டார். "அவளுக்கு அது புதுசு. எனக்கு ஆறாம் மாடிய்யா!"

(இ) கமேயாமா எழுந்து உள்ளே போய், ஒரு முலாம்பழத்தோடு — இதை நானே அடித்துவிட்டேன்.

ஆகவே உங்களிடம் வருகிறேன். கமேயாமா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். தோகுஜி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் எந்தக் கரையில் தூங்குவது என்பது அடுத்த வார்த்தையில் இருக்கிறது. அந்த வார்த்தையை நீங்கள்தான் சொல்லவேண்டும். சொல்வீர்களா?

கேட்டுவிட்டேன். முடியாவிட்டால் பரவா—