நூற்று அறுபது கிலோ

தம்பி அழைத்தபோது அவள் கிடங்கின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மீதியையும் தூக்கினாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை என்னை எதிர்பார்க்காதே. நாளைக்குக் காலைல கிளம்புறோம்."

"எங்கே கிளம்புறீங்க? வெள்ளிக்கிழமை அணிவகுப்பு முடியற வரைக்கும் ஒரு கப்பலும் நகராதுன்னு போன வாரம்தானே பட்டியல் ஒட்டினாங்க?"

"பட்டியல் மாறிடுச்சு. பக்கத்து நாட்டுக்காரன் புது ஏவுகணை விட்டுப் பாக்கப் போறானாம். கடல்ல ஒரு பெரிய கட்டம் போட்டு, யாரும் உள்ளே வராதீங்கன்னு அறிவிச்சுட்டான். கட்டத்து ஓரத்துல நின்னு வேடிக்கை பாக்க ஒரு ஆள் வேணுமில்ல? பெரிய வீட்டுப் பிள்ளைங்க மாதிரி பெரிய கப்பல் எல்லாம் பெயிண்ட் அடிச்சுக்கிட்டு நிக்குது. நம்ம தகரடப்பாதான் சும்மா கிடக்கு."

"எத்தனை நாள்?"

"பன்னெண்டு. மத்தியானத்துக்குள்ள போனை ஒப்படைக்கணும், அதான் இப்பவே சொல்றேன். வெங்காயம் அரிஞ்சுக்கிட்டே பேசறேன். மூக்கை உறிஞ்சுறானே, அழறானோன்னு நினைச்சுக்காதே."

"நீ அழுதா ஊருக்கே கேக்கும்டா. ஸ்வெட்டர் எடுத்துக்கோ."

தகரடப்பா என்பது அவன் வேலை பார்த்த ரோந்துக் கப்பல். நாற்பது வயது. ஆட்கள் நாற்பத்தாறு பேர். தம்பி அதில் சமையல்காரன். அவள் அதே கடற்படைத் தளத்தில் ஏழாம் எண் கிடங்குக்குப் பொறுப்பாளர். சீருடை இல்லாத வேலை. கயிறு, மிதவைச் சட்டை, தீயணைப்பான், உயிர்காப்பு மிதவை என்று ஆபத்துக்கு உதவும் சாமான்கள் எல்லாம் அவள் கையால்தான் கப்பலுக்குப் போகும், அவள் கையால்தான் திரும்பி வரும். பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு சாமானைக் கொடுக்கும்போதும், 'கடவுளே, இது யாருக்கும் தேவைப்படாமல் இருக்கட்டும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

நான்கு நாள் விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்தாள். வழக்கம்போல ஒரு சுற்று நடந்தாள். கிடங்கின் கடைசி மூலையில் நின்றுவிட்டாள்.

அங்கே மூன்று பழைய கூடுகள் இருக்க வேண்டும். உயிர்காப்பு மிதவை, தளத்தில் எல்லோருக்கும் 'ராஃப்ட்', வெள்ளை நிற ஃபைபர் பீப்பாய் ஒன்றுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். கப்பல் மூழ்கினால் பீப்பாய் தண்ணீரில் விழுந்து பிளக்கும். உள்ளே இருப்பது காற்றடைத்துக் கூடாரமாக விரியும். ஒன்றில் இருபது பேர் ஏறலாம். மூலையில் கிடந்தவை, காலாவதியான மிதவைகளை வெட்டி எறிந்த பிறகு மிச்சமிருந்த வெறும் கூடுகள். இப்போது அவை இல்லை. தூசியில் மூன்று சுத்தமான வட்டங்கள் மட்டும் இருந்தன.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கூடெல்லாம் எங்கே?"

அவர் வண்டியின் சாவியைத் துடைக்க ஆரம்பித்தார். சாவியில் ஒரு அழுக்கும் இல்லை.

"நான் சொன்னேன்னு சொல்லக்கூடாதும்மா."

"சொல்லுங்க."

"புதுமாப்பிள்ளைக்கு வர வேண்டிய ராஃப்ட் வரலை. வெள்ளிக்கிழமை வெளிநாட்டு அதிகாரிங்க வர்றாங்க, பைனாகுலர் வச்சு எண்ணுவாங்க, ராஃப்ட் இல்லாத கப்பல் கடலுக்குப் போகாத கப்பல்னு கண்டுபிடிச்சுடுவாங்கன்னு ஒரே ரகளை. தகரடப்பாவோட மூணையும் கழட்டி அங்கே மாட்டினோம். இங்கே இருந்த கூட்டுக்கு வெள்ளை அடிச்சு தகரடப்பாவுல மாட்டினோம். பாக்கறவங்க கண்ணை உறுத்தக் கூடாதில்ல."

"கப்பல்ல யாரும் கேக்கலையா?"

"எல்லாரும் அன்னிக்கு ஒத்திகைக்குப் போயிட்டாங்க. காவலுக்கு இருந்தவர்கிட்ட, சர்வீஸ் பண்ணி மாட்டறோம்னு வழங்கல் அதிகாரி சொன்னாரு."

புதுமாப்பிள்ளை என்பது எட்டு ஏவுகணைக் குழாய்களோடு போன மாதம் வந்திறங்கிய புதுக் கப்பல். தளத்தில் எல்லோருக்கும் அதன் மேல் ஒரு பெருமை, கொஞ்சம் எரிச்சல். எந்தப் பழைய கப்பலிலிருந்து எதைக் கழற்றினாலும் கடைசியில் அதன் உடம்பில்தான் போய் நிற்கும்.

இப்படி ஒரு கப்பலின் சாமானை இன்னொன்றுக்குக் கழற்றிக் கொடுப்பதற்கு அங்கே 'இரவல்' என்று பெயர். அதற்கு மஞ்சள் சீட்டு உண்டு. துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் கப்பலிலிருந்து மட்டும்தான் எடுக்கலாம். மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். மூன்று சீட்டுகளும் இருந்தன. 'பொறுப்பாளருக்காக' என்று எழுதி வழங்கல் அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார். போன வாரத்துப் பட்டியலின்படி தகரடப்பா கட்டிக் கிடந்த கப்பல், சீட்டில் தப்பில்லை. பட்டியல் மாறியதை யாரும் சீட்டுக்குச் சொல்லவில்லை.

அவள் தம்பிக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒப்படைத்துவிட்டான் போலிருக்கிறது. கப்பல் எண்ணெய்த் துறைக்குப் போயிருந்தது. அங்கே அவளுக்கு அனுமதி கிடையாது. மஞ்சள் சீட்டுகளை எடுத்துக்கொண்டு வழங்கல் அதிகாரியின் அறைக்குப் போனாள்.

அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. யார் வந்தாலும் உட்காரச் சொல்வார். அன்றும் சொன்னார்.

"உட்கார்றதுக்கு வரலை சார். நாளைக்குக் கிளம்பற கப்பல்ல வெறும் கூடு மாட்டியிருக்கு."

"தெரியும். மூணே நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுமாப்பிள்ளைலேர்ந்து கழட்டி எடுத்து வச்சிடலாம். அது திரும்பி வந்ததும் மாட்டிக்கலாம்."

"திரும்பி வந்ததும்னா? நடுவுல?"

"அம்மா, அந்தக் கப்பல் நாப்பது வருஷமா மூழ்கலை."

"மூழ்கின கப்பல் எல்லாமே அதுக்கு முந்தின நாள் வரைக்கும் மூழ்காத கப்பல்தான் சார். மூணு நாளைக்குக் கடலுக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கீங்களா?"

அவர் சிரித்தார். பின்னால் சுவரில் பெரிய அட்டவணை ஒன்று தொங்கியது. வெளிநாட்டு விருந்தாளிகளுக்குக் கொடுக்கப்போகும் புத்தகத்திலும் அதே அட்டவணைதான். இடப்பக்கம் நம் நாடு, வலப்பக்கம் பக்கத்து நாடு. நீர்மூழ்கி, ஏவுகணை, விமானம். கடைசி வரியில் போருக்குத் தயாரான கப்பல்கள்: நமக்கு முப்பத்திரண்டு, அவர்களுக்கு முப்பத்தொன்று.

"பாத்தீங்களா?" என்றார். "ரெண்டு வருஷம் முன்னாடி அவங்க நம்மைவிட ஆறு அதிகம். இப்போ நாம ஒண்ணு அதிகம். இது சும்மா வந்ததில்லை. இந்தத் தராசு சாயாம இருந்தாத்தான் சண்டை வராது. சண்டை வராம இருந்தாத்தான் உங்க தம்பியும் வீட்டுக்கு வருவான். உங்களுக்குப் புரியும்."

"புரியுது சார். அந்த முப்பத்திரண்டுல தகரடப்பாவும் ஒண்ணா?"

அவர் மேசையில் இருந்த கோப்பை நேராக்கி வைத்தார்.

"அதுவும் சேர்த்தாத்தானே ஒண்ணு அதிகம்? எண்ணும்போது அது கப்பல். மிதவை கேக்கும்போது அது தகரம். அப்படித்தானே?"

"ரசீதுல அந்தக் கப்பலுக்கு மூணு மிதவை இருக்கும்மா. சான்றிதழ் இருக்கு. நீங்க போய் வேலையைப் பாருங்க."

கோபத்தோடு படியிறங்கினாள். நாற்பத்தாறு பேர் அந்த வெள்ளைப் பீப்பாய்களைப் பார்த்துக்கொண்டே தூங்கப் போவார்கள். அலை பெரிதாகும் நேரத்தில், 'சரி, அது இருக்கிறது' என்று நினைத்துக்கொள்வார்கள். மிதவையைத் திருடியது ஒரு குற்றம் என்றால், அந்த நம்பிக்கையை வெள்ளையடித்துத் திருப்பி மாட்டியது அதைவிடப் பெரிய குற்றமாக அவளுக்குப் பட்டது. மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோனாள். தபால் பிரிவில் இருந்தவர் முத்திரை குத்திவிட்டு, "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்தான் பிரிப்பாங்க" என்றார். அவளால் சிரிக்கக்கூட முடியவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தகரடப்பா வழியனுப்பும் துறைக்கு வந்தது. எதிர்த்துறையில் புதுமாப்பிள்ளை, கொடிகளோடு. சோப்பும் கட்டுத்துணியும் இருந்த கடைசிச் சாமான் பெட்டிகளை வழக்கமாக ஃபோர்க்லிஃப்ட்காரர்தான் கொண்டுபோவார். அன்று அவளே தள்ளுவண்டியில் கப்பலின் மேல்தளம்வரை தள்ளிக்கொண்டு போனாள். வழியனுப்ப வந்திருந்த வழங்கல் அதிகாரி அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கப்பலின் கேப்டன் இளைஞர். பெட்டிகளுக்குக் கையெழுத்துப் போட்டார்.

"சார், உங்க ராஃப்டை ஒரு தடவை தூக்கிப் பாருங்க."

"என்னம்மா, காலங்காத்தாலே தமாஷா? ஒண்ணு நூத்தி அறுபது கிலோ. கிரேன் வேணும்."

"ஒரு தடவை தூக்கிப் பாருங்க சார்."

துறையிலிருந்தே வழங்கல் அதிகாரி குரல் கொடுத்தார். "கேப்டன், அவங்க தம்பி உங்க சமையல்காரன். அக்கா பாசம், வேறொண்ணுமில்லை. நேரமாகுது, கயிறை அவிழ்க்கச் சொல்லுங்க."

இரண்டு மாலுமிகள் சிரித்தார்கள். யாரோ, "சமையலுக்கு அக்காவையே அனுப்பி வைங்க சார், உப்பாவது சரியா இருக்கும்" என்றான்.

அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குள் இருந்தது எல்லாம் பொங்கியது. அவள் வாய் திறக்கவில்லை. கப்பலின் ஓரத்தில் முதல் பீப்பாய் இருந்த இரும்புத் தொட்டிலுக்குப் போனாள். பட்டையின் கொக்கி அவள் கொடுத்த கொக்கி. கண்ணை மூடிக்கொண்டே கழற்றுவாள். கழற்றினாள். குனிந்து பீப்பாயை இரண்டு கையாலும் அணைத்தாள். தூக்கினாள்.

மார்பு வரை வந்தது. ஒரு மூச்சு விட்டு அதைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

ஐம்பத்தொரு வயதுப் பெண், கிரேன் வேண்டிய ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, மேல்தளத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாள். ஒவ்வொருவனும் நகர்ந்து வழிவிட்டான். சமையலறைக் கதவில் கரண்டியோடு வந்து நின்ற தம்பி மட்டும், "அக்கா, இடுப்பு! இடுப்பு!" என்று கத்தினான். அடுத்த கணம் அவனுக்கும் புரிந்துவிட்டது. கரண்டியைக் கீழே இறக்கினான்.

அவள் பீப்பாயைக் கேப்டனின் காலருகே மெதுவாக இறக்கி வைத்து, விரல் முட்டியால் தட்டினாள். காலிப் பானையைத் தட்டியது போல இருந்தது.

"கேஸ் சிலிண்டர் இதைவிட கனம் சார்," என்றாள். "இதை நம்பி இந்தப் பிள்ளைங்க தண்ணியில குதிக்கணுமா?"

கேப்டன் இரண்டாவது பீப்பாயிடம் போய் அவரே தூக்கினார். மூன்றாவதை, உப்பைப் பற்றிச் சிரித்த மாலுமி தூக்கினான். தூக்கியவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"கயிறை யாரும் தொடக்கூடாது," என்றார் கேப்டன். பிறகு துறையைப் பார்த்து, "சார், என் ராஃப்ட் எங்கே?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் அவர் நகரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"அணிவகுப்புக் கப்பல்லேர்ந்து ஒரு ஆணியைக் கழட்டணும்னாலும் மேலிடத்து உத்தரவு வேணும்," என்றார் வழங்கல் அதிகாரி. "பக்கத்து நாட்டுக்காரன் நாளைக்குக் காலைல ஏவப்போறான். நீங்க இங்கே நின்னு..."

எதிர்த்துறையில் புதுமாப்பிள்ளையின் மேல்தளத்துக்குப் பொறுப்பான மூத்த மாலுமி, தளத்தலைவர், இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒத்திகைக்காக வெள்ளைவெளேரென்று உடுத்தியிருந்தார். கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபடி கேட்டார்:

"அம்மா, மஞ்சள் சீட்டு உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு."

"கொடுத்த கப்பல் கடலுக்குக் கிளம்பினா பொருளைத் திருப்பிடணும்னு அதுல கீழே சின்ன எழுத்துல போட்டிருக்கும். திருப்பி வாங்கிக்கிற கையெழுத்து யாரோடது?"

பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ சீட்டுகளில் அந்தக் கையெழுத்தைப் போட்டவள் அவள். கோபத்தில் அதை மறந்துபோயிருந்தாள்.

"என்னோடது," என்றாள்.

"அப்புறம் என்ன? மேலிடம் எதுக்கு? இரவல் வாங்கினவன் திருப்பிக் கொடுக்கறேன், நீங்க வாங்கிக்கோங்க."

"தளத்தலைவரே, உங்க கப்பல்ல எட்டுக் குழாய் இருக்கு, மிதவை இல்லைன்னா..." என்று அதிகாரி ஆரம்பித்தார்.

"நாங்க கட்டிப்போட்டுக் காட்டறதுக்கு நிக்கறோம் சார். மூழ்கினா முழங்கால் அளவு தண்ணி. நடந்தே கரைக்கு வந்துடுவோம்."

ஒத்திகை உடுப்பிலேயே ஆறு பேர் இறங்கினார்கள். ஃபோர்க்லிஃப்ட்காரர் யாரும் கூப்பிடாமலே வண்டியைக் கொண்டுவந்தார். ஒரு மணி நேரத்தில் மூன்று மிதவைகளும் அவற்றின் தொட்டில்களில் உட்கார்ந்தன. வெள்ளைக் கால்சட்டைகளில் கிரீஸ் அப்பியிருந்தது. அவள் மூன்று மஞ்சள் சீட்டுகளிலும் பெட்டியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். தம்பி ஒரு குவளை தேநீர் கொண்டுவந்து முதலில் தளத்தலைவருக்குக் கொடுத்தான். அவர் பாதி குடித்துவிட்டு, "சக்கரை அதிகம்" என்றார். தகரடப்பா கிளம்பியது.

காலிக் கூடுகள் மூன்றும் புதுமாப்பிள்ளையில் ஏறின. வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் பைனாகுலரில் பார்த்தார்கள். எண்ணினார்கள். தலையாட்டினார்கள். புத்தகத்தில் முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகவே இருந்தது.

சனிக்கிழமை அவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. மிதவையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 'நூற்று அறுபது கிலோ எடையுள்ள பாதுகாப்புச் சாதனத்தைக் கிரேன் உதவியின்றித் தனியொருவராகத் தூக்கியது பணிப் பாதுகாப்பு விதிகளுக்கு முரணானது. ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

அவள் அதை மூன்று முறை படித்தாள். காது சூடாகிக்கொண்டே போனது. பொய் என்று அவர்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, உறையில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கிழித்துப் போடக் கை துறுதுறுத்தது. கிழிக்கவில்லை. தாளை எடுத்து நல்ல எழுத்தில் எழுதினாள்:

'உண்மை. நூற்று அறுபது கிலோவை நான் தனியாகத் தூக்கினேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. விசாரித்ததற்கு நன்றி. அந்தச் சாதனம் இப்போது புதுக் கப்பலில் இருக்கிறது. விளக்கம் போதாது என்றால் அதைத் தராசில் வைத்துப் பார்க்கவும்.'

திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புமுன் எப்போதும்போலக் கண்மூடிப் பிரார்த்தித்தாள். கடலில் இருக்கும் நாற்பத்தாறு பேருக்காக வேண்டினாள். பக்கத்து நாட்டுக் கப்பலிலும் யாருடைய தம்பியோ வெங்காயம் அரிந்துகொண்டிருப்பான் என்று தோன்ற, அவனுக்காகவும் வேண்டினாள். தளத்தலைவரின் கால்சட்டைக் கறை போக வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். அடுத்து வழங்கல் அதிகாரியின் முறை. அவரை மன்னித்துவிட வேண்டும். வாய்வரை வந்தது. தூசியில் இருந்த மூன்று வட்டங்கள் நினைவுக்கு வந்தன.

"இன்னிக்கு முடியலை கடவுளே," என்றாள். "நாளைக்குப் பாக்கறேன்."

பையை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினாள்.