கடைசித் தடமாற்றம்

…மறுபடியும் ஓடலாம் என்று யெல்மர் சொன்னபோது எனக்கு ஏன் உற்சாகமே வரவில்லை, சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே, ஐஸ் ஓரமாகவே ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினான், "ஹிஸ்கே, நடுவர் ஒத்துக்கிட்டாரு! குறுக்க வந்தது உன்கூட ஓடுன மெரல்தான்னு அவள நீக்கிட்டாங்க. அரை மணி நேரம் ரெஸ்ட் எடு, அப்புறம் நீ மட்டும் தனியா ஓடப் போற, ஒரு ஈ காக்கா குறுக்க வராது!" என்றான். இத்தனை வருஷமாக எனக்கு ஸ்கேட்டிங் கோச், நான் பல்லைக் கடித்தால் எந்தப் பல் என்று சொல்லிவிடுவான், அவனுக்குக்கூட என் முகத்தில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. நான் சிரித்தேன், சிரித்த மாதிரி ஏதோ செய்தேன். அவன் கம்பளியை என் கால்மேல் போர்த்திவிட்டு, காலில் இருந்த ஸ்கேட்டின் பிளேடுகளைத் துடைத்துவிட்டு, வேறு என்னவோ எடுக்கப் போய்விட்டான். ஐஸை மழிக்கும் வண்டி மெதுவாகச் சுற்றி வருகிறது, மேலே பித்தளை வாத்தியக்காரர்கள் கல்யாண வீடு மாதிரி ஊதித் தள்ளுகிறார்கள், ஹேரன்ஃபேன் ஊர்க் கூட்டம் பீர் கோப்பையும் கையுமாக ஆடுகிறது, எனக்காகத்தான் காத்திருக்கிறார்கள், ஹிஸ்கே மறுபடி ஓடப்போகிறாள், இந்தத் தேர்வுப் போட்டியில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் பிப்ரவரியில் ஒலிம்பிக்ஸ், வராவிட்டால் இதோடு சரி. நான் அரங்கின் நடுவில் இந்த பெஞ்சில் கம்பளிக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.

உலகத்தில் வேறு எந்த நாட்டிலாவது உலக சாம்பியன் வீட்டில் உட்கார்ந்து ஒலிம்பிக்ஸை டிவியில் பார்ப்பாளா, எங்கள் நாட்டில் பார்ப்பாள், பார்த்திருக்கிறாள், நானே பார்த்திருக்கிறேன், காய்ச்சலோடு தேர்வில் ஓடி நான்காவதாக வந்த வருஷம், அம்மா டிவியை அணைக்கப் போக நான் கத்தினேன், அணைக்காதே, அந்த நார்வேக்காரி கால் ஓய்ந்து கடைசி வளைவில் நிமிர்ந்துவிடுவாள், வேகம் போய்விடும் பார் என்று, அவள் நிமிரவில்லை, தங்கம் வாங்கினாள். அதற்கு நாலு வருஷம் கழித்து எனக்கு வெள்ளி. பிளேடு நுனி அளவுக்குத் தங்கம் போனது. அதிலிருந்து ஊரே எனக்குக் கடன்காரர்கள் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டது, ரொட்டிக்கடையில், பெட்ரோல் பங்கில், பல் டாக்டர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே, "உங்களுக்கு ஒரு தங்கம் பாக்கி இருக்கு ஹிஸ்கே." யார் வைத்த பாக்கி? இரண்டு தடவை உலக சாம்பியன் ஆனதெல்லாம் எங்கே போயிற்று, நார்வேயில், ஹமாரில், மூக்கு உறைந்து போகிற குளிரில் ஜெயித்தேனே, அன்றைக்கு என் தொடை இரண்டும் நெருப்பாக எரிந்தும் இடுப்பு ஒரு விரல்கூட மேலே வரவில்லையே, அது கணக்கில் வராதா? வராது போலிருக்கிறது. முப்பத்து நாலு வயதில் நான் இன்னும் குனிந்துதான் இருக்கிறேன், பாதி வாழ்க்கையை நாற்காலி இல்லாமல் உட்கார்ந்தே கழித்தவள், பல் தேய்க்கும்போதுகூட முழங்காலை மடக்கி நின்று பழகிவிட்டேன், போன வருஷம் ஒரு கல்யாணத்தில் நிமிர்ந்து நின்று போட்டோ எடுத்தபோது என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நிமிர்வது… ஆமாம், அங்கேதான் வருகிறேன், சுற்றிச் சுற்றி அந்த வண்டி மாதிரி அங்கேதான் வந்து நிற்கிறேன். சற்று முன் ஓடிய ஓட்டத்தின் கடைசிச் சுற்று. மணி அடித்துவிட்டது. மறுபக்க நேர்கோட்டில், எப்போதும் போல, இருவரும் தடம் மாற்றிக்கொள்ள வேண்டும், நான் வெளித் தடத்திலிருந்து உள்ளே வருகிறேன், மெரல் உள்ளேயிருந்து வெளியே போகிறாள், அவள்தான் எனக்கு வழிவிட வேண்டும், ஸ்கேட் கட்டத் தெரிந்த சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. இருவரும் ஒரே நேரத்தில் அங்கே வந்தோம். அவள் கை என் கையில் உரசியது. கூட்டம் "ஓ" என்றது. இதெல்லாம் சரி, எல்லோரும் பார்த்தது. நடுவரும் பார்த்தார். ஆனால் நான் எப்போது நிமிர்ந்தேன்? கை பட்ட பிறகா? பட்ட பிறகுதான் என்று யெல்மர் சொல்கிறான், கூட்டம் சொல்கிறது, நானும் அப்படியே நம்பிவிட்டுப் போகலாம், யார் கேட்கப் போகிறார்கள்… இல்லை. அதற்கு முன்னாலேயே. வளைவு முடிந்து நேர்கோட்டுக்கு வந்ததுமே என் இடுப்பு தானாக மேலே வந்துவிட்டது, கால் சொல்லவில்லை, தலை சொல்லவில்லை, போதும் என்று ஏதோ ஒன்று சொன்னது, முதுகு நீண்டது, காற்று நெஞ்சில் அடித்தது, இறுக்கமான ஜீன்ஸின் பட்டனைக் கழற்றினால் வருமே, அப்படி ஒரு சுகம், அட, இவ்வளவுதானா என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் அவள் கை. அந்தக் கை பட்டதும் என் மனம் என்ன சொன்னது தெரியுமா, அப்பாடா, என்மேல் தப்பில்லை. வெட்கமாக இருக்கிறது. தோற்றதற்கு ஒரு காரணம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டவளுக்கு இப்போது வாய்ப்பு கொடுக்கிறார்கள், மறுபடி ஓடு, தங்கத்தை எடுத்து வா என்று.

எதிர் பெஞ்சில் மெரல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இருபது வயது. மூன்றாவது இடத்துக்கான நேரத்தை எடுத்துவிட்டு, பலகையில் தன் பெயரைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கியவள், கை இறங்குவதற்குள் பெயரை எடுத்துவிட்டார்கள். தோள் குலுங்குகிறது. பக்கத்தில் யாரும் போகவில்லை, போய் என்ன சொல்வது? நான் போகலாமா? போய்? உன்மேல் தப்பில்லை என்று சொல்லவா, அப்படியானால் யார்மேல் தப்பு? அப்பா தடுப்புக் கம்பி வரைக்கும் இறங்கி வந்துவிட்டார், கையில் பட்டாணி சூப், மீசையில் கொஞ்சம். "இன்னொரு தரம் ஓடணுமாமே?" என்றார். ஆமாப்பா என்றேன். "அப்ப பக்கத்துப் பண்ணைக்காரனுக்குப் போன் போட்டுடறேன், அவனே பாலைக் கறந்துடட்டும். மாடுங்களுக்கு ஒலிம்பிக்ஸ் தெரியாது பாரு." போனை எடுத்தவர் எண்ணை அழுத்தாமல் நின்றார், என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், "போடட்டுமா?" என்றார். பொறுங்கப்பா என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன், தெரியாது, ஆனால் சொன்னவுடன் ஸ்கேட்டுக்கு உறை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றிருந்தேன், நடுவர் மேசையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன், யெல்மர் தூரத்திலிருந்து "எங்க போற? உக்காரு, காலு ஆறிடும்!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

நடுவருக்கு நரைத்த தாடி, என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "கவலைப்படாதீங்க, உங்களுக்கு முழு நேரமும் தருவோம்" என்றார். நான் அதற்காக வரவில்லை, மெரல் என்னைத் தடுக்கவில்லை, நான் அதற்கு முன்னாலேயே நிமிர்ந்துவிட்டேன் என்றேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "கை பட்டது நானே பார்த்தேனே." பட்டது, நான் நிமிர்ந்த பிறகு பட்டது. "ஹிஸ்கே, நீங்க சொன்னீங்கங்கறதுக்காக மாத்த முடியாது." படத்தைப் பாருங்கள் என்றேன், அவளைப் பார்க்காமல் என்னைப் பாருங்கள். பக்கத்தில் இருந்த பெண் திரையைத் திருப்பினாள், மூவரும் குனிந்தோம், அதோ நான், ஆரஞ்சு உடையில், வளைவிலிருந்து வருகிறேன், அதோ இடுப்பு எழுகிறது, முதுகு எழுகிறது, மெரலின் கைக்கும் எனக்கும் நடுவில் இன்னும் ஒரு ஆள் படுக்கிற இடம் இருக்கிறது. நடுவர் இரண்டாம் முறை பார்த்தார். தாடியைத் தடவினார். "நாங்க எல்லாரும் அந்தப் பொண்ணையே பார்த்துட்டோம்" என்றார், பிறகு மெதுவாக, "இதச் சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியும்ல?" தெரியும் என்றேன். தெரியும் என்று சொன்னபோது என் தோள் இரண்டும் இறங்கின, தூக்கி வைத்திருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மெரல்மேல் தப்பில்லை, மறு ஓட்டமும் இல்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை, பிறகு பலகையில் மெரலின் பெயர் திரும்ப வந்தது, பிறகு கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது, எனக்கு, அவளுக்கு அல்ல, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை, ஹமாரில்கூட இப்படித் தட்டவில்லை. யெல்மர் வந்தான், கம்பளியைத் தூக்கித் தரையில் அடித்தான். "உனக்கென்ன கிறுக்கா? யாரு உன்னக் கேட்டா? ஓடித் தோத்தாலும் பரவால்ல, ஓடாமலே…" பாதியில் நிறுத்தினான், என் முகத்தைப் பார்த்தான், இந்த முறை கண்டுபிடித்துவிட்டான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பெஞ்சில் என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, "எப்பலேருந்து?" என்று மட்டும் கேட்டான். போதும் என்று தோன்ற ஆரம்பித்தது செப்டம்பரிலிருந்து இருக்கும் என்றேன். "என்கிட்டச் சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?" எனக்கே தெரியாதடா என்றேன், இருவரும் சிரித்துவிட்டோம், அவன் கண்ணில் தண்ணீர், எனக்கு அழுகை வரவில்லை, வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை, நாளைக் காலை ஆறு மணிக்கு எழ வேண்டாம் என்பது நினைவுக்கு வந்தது, அடுத்த நாளும் வேண்டாம், புது வருஷத்துக்கு அம்மா பொரிக்கும் மாவு உருண்டையை எத்தனை வேண்டுமானாலும் தின்னலாம், மேலே சர்க்கரைத் தூளைக் கொட்டிக்கொண்டு தின்னலாம், இந்த நினைப்பில் உடம்பு முழுக்க ஒரு வெதுவெதுப்பு. கம்பி ஓரத்தில் அப்பா போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் காலி சூப்புக் கோப்பையை ஆட்டிக் காட்டினார், போகலாமா என்கிற மாதிரி.

அதற்குள் மெரல் வந்துவிட்டாள். ஸ்கேட்டைக்கூடக் கழற்றாமல் தடுமாறி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், ஈர முகம் என் காதில் பட்டது. "உங்க கடைசி சான்ஸு இது… எனக்காகப் போயி விட்டுக் குடுத்துட்டீங்களே… உங்கள மாதிரி யாரு செய்வாங்க?" உனக்காக இல்லை பெண்ணே என்று சொல்ல வாய் திறந்தேன். அவளுக்காக இல்லையா? எதிர் பெஞ்சில் அவள் தோள் குலுங்கியதைப் பார்த்துத்தானே எழுந்தேன். சரி, என் காலில் இன்னும் ஒரு ஓட்டம் மிச்சம் இருந்திருந்தால், இவள் ஆசைப்படுகிற மாதிரி அந்தத் தங்கத்துக்கு நானும் ஆசைப்பட்டிருந்தால், அப்போதும் அந்த மேசைக்குப் போயிருப்பேனா? போயிருப்பேன் என்று சொல்லிப் பார்த்தேன், மனதுக்குள்தான், ஒட்டவில்லை. போயிருக்க மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன், அதுவும் ஒட்டவில்லை. அவள் முதுகில் கை வைத்தேன், அப்படி நடுங்கினாள், ஓடி முடித்ததும் நானும் வருஷக்கணக்காக இப்படித்தான் நடுங்கியிருக்கிறேன். நன்றி, நன்றி என்று அவள் என் காதோடு சொல்லிக்கொண்டே இருந்தாள். அதைச் சொல்ல வேண்டியவள் நான்தான் என்று தோன்றியது, அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.