மூன்றாம் நபர்

காலையில் கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியை அவள் கணவன்தான் முதலில் படித்தான். அவள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றபோது, தீர்ப்பு வாசிக்கும் நீதிபதியைப்போல் குரலைக் கனமாக்கிக்கொண்டு மறுபடியும் படித்துக் காட்டினான். அவளுடைய மோட்டார் சைக்கிளின் காப்பீடு இன்றோடு முடிகிறது. மூன்றாம் நபர் காப்பீட்டையாவது உடனே எடுத்துக்கொள்ளவும்.

"மூணாவது ஆளா?" என்றான். "அந்த வண்டியில நாம ரெண்டு பேர்தானே போறோம். மூணு பேர் போனா போலீஸ் பிடிப்பாங்க. அதுக்கு இவங்க இன்ஷூரன்ஸ் வேற தராங்களா?"

அவள் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் அந்த மூன்றாவது ஆள் யாரென்று தனக்கும் தெரியாது என்பது உறைத்தது.

வண்டி கணவனின் பெரியப்பாவிடமிருந்து வந்தது. போன வருடம் அவர் அதை இவர்களுக்கு விற்றபோது காப்பீட்டையும் அவரே கட்டிக் கொடுத்திருந்தார். காலையில் கிளம்புவதற்கு முன்னால் அவரைப்போலவே நாலைந்து தடவை இருமிவிட்டுத்தான் அது உறுமத் தொடங்கும். அதனால் வண்டிக்கும் பெரியப்பா என்றே பெயர் நிலைத்துவிட்டது. "பெரியப்பாவுக்கு முன் டயர் வழுக்கையாயிடுச்சு" என்று இவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு, வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் விழித்ததுண்டு.

பெரியப்பா இல்லாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. அவள் செயற்கைப் பற்கள் செய்யும் ஒரு கூடத்தில் வேலை பார்த்தாள். ஊரிலுள்ள பல் மருத்துவர்கள் எடுக்கும் வாய் அச்சுகளை வாங்கிக்கொண்டு வருவாள். கூடத்தில் அவற்றைப் பார்த்துப் பற்கள் செய்வார்கள். செய்த பற்களைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பாள். வண்டியின் பின்பக்கத்துப் பெட்டியில் எப்போதும் நாலைந்து பேருடைய தாடைகள் இருக்கும். இதனால்தான் அவள் கணவன் அவளைப் பல்லழகி என்று கூப்பிட்டான். அவளுடைய சொந்தப் பற்களில் ஒன்று கோணல் என்பது அந்தக் கிண்டலில் அடங்காது என்று சத்தியம் செய்வான்.

பல் வெள்ளை என்று நினைப்பவர்களைப் பார்த்தால் அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும். எந்தப் பல்லும் வெள்ளை இல்லை. ஒன்றில் தேன் கலந்திருக்கும், ஒன்றில் சாம்பல். நுனியில் மழைநீர்போல் ஒரு நீலம் ஓடும். கூடத்தில் நிறம் தீட்டுகிறவர் சந்தேகம் வந்தால் இப்போதெல்லாம் அவளைத்தான் கூப்பிட்டுக் காட்டினார். பீங்கான் பல்லுக்கு நிறம் தீட்டும் வகுப்பு ஒன்று அடுத்த வாரம் தொடங்கவிருந்தது. அதை முடித்தால் வெயிலிலும் மழையிலும் அலையாமல், ஜன்னலோர மேசையில் தூரிகையோடு உட்காரலாம். வகுப்புக்கென்று சேர்த்து வைத்திருந்ததில்தான் இப்போது இந்தக் காப்பீடு வந்து கை வைத்தது. இரண்டுக்கும் காணாது. இந்த முறை விட்டால், வகுப்பு மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

கணவனுக்கு இதில் குழப்பமே இல்லை. வகுப்பில் சேரச் சொன்னான். வண்டி கிழடு, அது திருடு போனால் திருடனுக்குத்தான் நஷ்டம் என்றான். காப்பீடு இல்லாமல் ஓட்டுவது சட்டப்படி தப்புதான், ஆனால் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், யாரும் நிறுத்திக் கேட்பதில்லை என்றான். ஒன்றும் நடக்காவிட்டால் கட்டினதெல்லாம் காற்றோடு போகும் என்பதுதான் அவனுக்குப் பொறுக்கவே முடியாத விஷயமாக இருந்தது.

அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"லிஃப்டுக்கு அடியில ஏதோ பிரேக் இருக்குன்னு சொல்வீங்களே. கயிறு அறுந்தா பிடிக்கிறது. அது எத்தனை தடவை பிடிச்சிருக்கு?"

"நான் வேலைக்குச் சேர்ந்ததிலேருந்து ஒரு தடவைகூட இல்ல."

"அப்ப கழட்டி வித்துடலாமே."

அவன் சட்டைப் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டினான்.

மதியம் ஒரு பல் மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியில், காப்பீட்டு ஏஜென்டின் அறைக்குப் போனாள். ஏஜென்ட் ஒரு அக்கா. அறை என்பது ஒரு தையல் கடையின் பின்பாதி. மின்விசிறி சுற்றும்போதெல்லாம் தடுப்புத் துணி எழும்பி, தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவரின் முதுகு தெரிந்து மறைந்தது. அக்கா வண்டியை வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னார். வண்டியின் சேதத்துக்கும் சேர்த்துப் போடுகிற பெரிய காப்பீடு இதற்கு வேண்டாம், போட்டால் போட்டதுதான், திரும்பி வருவது சொற்பம். சின்னது போதும், மூன்றாம் நபருக்கு உள்ளது.

"அந்த மூணாவது ஆள் யாருக்கா?"

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலும்.

"முதல் ஆள் நீ. ரெண்டாவது ஆள் நாங்க, கம்பெனி. மூணாவது, மத்தவங்க."

"மத்தவங்கன்னா?"

"மத்தவங்கன்னா மத்தவங்கதாம்மா. இந்த உலகத்துல மிச்சம் இருக்கிற எல்லாரும்."

தடுப்புத் துணி எழும்பியது. அந்த முதுகு ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தது. அவரும்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அவருக்குப் பேர் எதுவும் எழுத வேண்டாமா?"

"பேர் கிடையாது. உன் வண்டி யார்மேல மோதுதோ அவர்தான். மோதுற வரைக்கும் யாருன்னு உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது."

"எங்க வீட்டுக்காரர்?"

"உன் பின்னால உக்காந்தா அது வேற கணக்கு. ரோட்டுல நடந்து போனா அவரும் மூணாவது ஆள்தான்." அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நானும்தான். பார்த்து ஓட்டு தாயி."

சாயங்காலம் கடை மூடுவதற்குள் வந்து சொல்வதாகச் சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். ஒன்றையும் தீர்மானிக்கவில்லை. ஆனால் தெரு கொஞ்சம் மாறியிருந்தது. பழக்கூடையோடு போகிற அம்மா, செருப்பு வாரைச் சரிசெய்ய ஒற்றைக்காலில் நிற்கிற மனிதர், ஐஸ் நக்கிக்கொண்டே சாலையைக் கடக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லோரும் அவளுக்கு மூன்றாவது ஆட்களாகத் தெரிந்தார்கள். இத்தனை பேரா என்று மலைப்பாக இருந்தது. ஒரே ஒரு ஆளைப் பற்றிய காகிதம் என்றுதான் காலையில் நினைத்திருந்தாள்.

இருந்தாலும் மனம் வகுப்பின் பக்கம்தான் இழுத்தது. அடுத்துப் போகவேண்டிய இடத்துக்கு நேர்வழி இருந்தும், வகுப்பு நடக்கும் கட்டடம் இருக்கும் தெரு வழியாகத் திரும்பினாள். மாடியில் நீளமான ஜன்னல். உள்ளே மேசைகளைத் துடைத்து வரிசையாகப் போட்டிருந்தார்கள். மூலை மேசையில் வெளிச்சம் நன்றாக விழுந்தது. அங்கே உட்கார வேண்டும் என்று நினைத்தாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே வளைவில் திரும்பியதை அவள் உணரவில்லை.

பார்வையைக் கீழே இறக்கியபோது, எதிரே ஒருத்தி மோட்டார் சைக்கிளில் நேராக அவள்மேல் வந்துகொண்டிருந்தாள்.

நடுச்சாலையில், தப்பான பக்கத்தில், ஒதுங்கவே ஒதுங்காமல். யார் இந்தப் பைத்தியம், ரோட்டைப் பார்த்து வர மாட்டாளா என்று அவளுக்குக் கோபம் பொங்கியது. அதற்குப் பின்னாலேயே, மனதுக்குள் யாரோ நிதானமாகக் கேட்டதுபோல் இன்னொன்று வந்தது. இவளுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?

அப்போதுதான் வந்தவளின் தலைக்கவசத்தில் தன் தலைக்கவசத்தின் கீறலைப் பார்த்தாள்.

இரண்டு பிரேக்கையும் ஒருசேர அழுத்தினாள். பெரியப்பா வாழ்நாளில் எழுப்பாத ஒரு சத்தத்தை எழுப்பிக்கொண்டு வழுக்கினார். பெட்டியின் பூட்டு தெறித்தது. வண்டி நின்றபோது, முன் சக்கரத்துக்கும் அந்தப் பெண்ணின் முன் சக்கரத்துக்கும் இடையில் ஒரு கை நுழையும் இடம்தான் இருந்தது.

ஆளுயரத்துக்கும் மேலே ஒரு நிலைக்கண்ணாடி. அதன் கீழே மனிதக் கால்கள். ஒரு ஜோடிக் கால்கள் முன்னால், ஒரு ஜோடி பின்னால். எதிர்க் கடையிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தவர்கள், சத்தம் கேட்டு அப்படியே உறைந்து நின்றிருந்தார்கள். கண்ணாடி மட்டும் தண்ணீரைப்போல் மெல்ல நடுங்கியது.

ஓரத்திலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. நரைத்த மீசை.

"என்னம்மா, முகம் பார்க்கணும்னா வீட்டுல பார்க்கக் கூடாதா?"

அவளால் கைப்பிடியைவிட்டுக் கையை எடுக்க முடியவில்லை. எவ்வளவு அருகில் வந்து நின்றாள் என்பது அவருக்குத் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவருக்கு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. பின்னால் பிடித்திருந்தவன் கையை மாற்றிக்கொண்டு, கதையை அப்புறம் பேசலாம், கை கடுக்கிறது அண்ணே என்றான்.

கண்ணாடியை ஓரமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மீசைக்காரர் குனிந்து எதையோ பொறுக்கினார். பெட்டியிலிருந்து விழுந்தது. சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு மேல் தாடை, சாலையைப் பார்த்துச் சிரித்தபடி கிடந்திருந்தது. அவர் அதன் தூசியை வேட்டியில் துடைக்கப்போய், தயங்கி, ஊதினார்.

"இது யாருதும்மா?"

"தெரியாது" என்றாள். அவளுக்கே தன் குரல் தூரத்தில் கேட்டது. "யாரோ ஒருத்தர்."

"பாவம், யாரோ. பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்த்துடு." இரண்டு கைகளாலும் ஏந்திக் கொடுத்தார். சிரித்தபோது அவருடைய பற்களைப் பார்த்தாள். தேன் நிறம், ஈறோரம் லேசான சாம்பல், நுனியில் அந்த நீலம். எப்போது யாரைப் பார்த்தாலும் பார்க்கிற நிறங்கள்தான். ஆனால் இன்று அந்த நீலத்தை அவளால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. அது இன்னும் இருந்தது. அவர் பேசப்பேச வெளிச்சத்தில் பட்டுப் பட்டு மறைந்துகொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது.

அவர்கள் கண்ணாடியைத் தூக்கினார்கள். அது திரும்பியபோது தெருவும் சேர்ந்து திரும்பியது. மாடி ஜன்னல், அதன் மூலை மேசை, கட்டடங்களுக்கு நடுவிலிருந்த வானம், நடைபாதையில் போகிற மனிதர்கள், எல்லாவற்றையும் வாரி எடுத்துக்கொண்டு அவர்கள் தத்தித் தத்தி நடந்தார்கள். தெரு காலியாகிவிடும் என்று ஒரு கணம் பயந்தாள். கண்ணாடி விலகிய இடத்தில் அத்தனை பேரும் அப்படியே போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏஜென்ட் அக்கா கடையை மூடுவதற்கு ரொம்ப நேரம் முன்னதாகவே அவள் போய் நின்றாள். சின்னதைப் போடச் சொன்னாள். அக்கா முகத்தைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்றாள். அது உண்மை. அதைவிடப் பெரிய ஒன்று தன் வாழ்க்கையில் நடந்ததில்லை என்றும் அவளுக்குத் தோன்றியது. பிறகு தெருவில் நின்று வகுப்புக்காரர்களுக்குப் போன் செய்து, தன் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு பெண் சரி என்று சொல்லிவிட்டு வைத்தாள். அந்த ஒரு சொல்லில் மூலை மேசை போய்விட்டது. வலித்தது. வண்டிமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பெரியப்பாவின் பெட்ரோல் டாங்கைத் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டுதான் அழுதாள்.

சாயங்காலம் கணவன் வேலை செய்த கட்டடத்தின் வாசலில் அவனுக்காகக் காத்திருந்தாள். கிரீஸ் கையோடு வந்தவன் அவளை ஒருமுறை பார்த்தான்.

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்."

"மூணாவது ஆள் என்ன சொன்னார்?"

"கண்ணாடி தூக்கிட்டு இருந்தார். ரொம்பப் பேச முடியல."

அவனுக்குப் புரியவில்லை. ஆனால் வகுப்பு போயிற்று என்பது மட்டும் புரிந்தது.  இன்று லிஃப்ட் குழிக்குள் இறங்கியபோது அந்த பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்ததாகச் சொன்னான். பட்டியலில் இல்லாத வேலை. ஒரு தடவைகூடப் பயன்படாதது, ஆனால் தேய்த்தவுடன் புதிதுபோல் பளபளத்தது, மேலே ஆட்கள் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள், அவர்கள் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் என்றான். அவன் இவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

பெரியப்பா இருமிவிட்டுக் கிளம்பினார். பெரிய சாலைச் சந்திப்பில் நடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு விழுந்தது. அவள் கோட்டுக்கு வெகு முன்னாலேயே நிறுத்தினாள். வேலை முடிந்து வீடு திரும்புகிற கூட்டம் அவர்களுடைய முகப்பு விளக்கின் வெளிச்சத்துக்குள் வந்து, வெளியே போய்க்கொண்டிருந்தது. தூக்கத்தில் தலை சாய்ந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர். போனில் யாரையோ திட்டிக்கொண்டு ஒருத்தி. கைகோத்துக்கொண்டு இரண்டு கிழவர்கள், அவசரமே இல்லாமல்.

"பல்லழகி" என்றான் அவன், காதருகில். "அதுல யாரு நம்ம ஆளு?"

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு மாறியது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கிழவர்கள் இன்னும் பாதி வழியில்தான் இருந்தார்கள். அவள் நகரவில்லை.